மின்வெட்டும் மீன் தொட்டியும்: 6 ஆண்டுகளில் இரண்டு ஜெனரேட்டர்கள்

விளக்குகளுக்காகப் பொருத்தியிருந்த டைமரின் வட்டு 1.10-இல் நின்றிருந்தது. நான் தொட்டி இருக்கும் அறைக்குள் நுழைந்தபோது காலை 5.30. 300 லிட்டர் தொட்டியில் வளர்த்த எட்டு டிஸ்கஸ் மீன்களில் மூன்று அடியில் சாய்ந்து கிடந்தன. மற்ற ஐந்தும் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, செவுள்கள் படபடத்தன. வீட்டின் பின்பக்கத்தில் 2.5 கேவிஏ ஜெனரேட்டர் பெட்ரோல் நிரப்பப்பட்டுத் தயாராக இருந்தது. அதை இயக்க வேண்டிய நான் நாலு மணி நேரத்துக்கும் மேலாக உறங்கிக்கொண்டிருந்தேன்.

இது நடந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஜெனரேட்டரை விற்றுவிட்டேன். அதன் இடத்தில் வந்தது நாலரை ஆண்டுகளாக உழைக்கிறது. இதற்கிடையில் ஒரு பேட்டரி தேய்ந்து இன்னொன்று வந்திருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு நான் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: ஜெனரேட்டரை நம்பி மீன் தொட்டியை விடாதீர்கள். தொட்டியைக் காப்பது பேட்டரி. அந்தப் பேட்டரியை நிரப்புவதுதான் ஜெனரேட்டரின் வேலை. இந்தக் கோணத்தில் பார்த்தால் வாங்க வேண்டிய ஜெனரேட்டரே வேறாகிவிடும்.

மின்சாரம் நின்றதும் மீனுக்கு முதலில் குறைவது வெப்பமன்று, வெளிச்சமுமன்று, ஆக்ஸிஜன். 25 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்திருக்கும்; 30 டிகிரியில் அது 7.5-க்கு இறங்கிவிடும். டிஸ்கஸ் போன்ற மீன்களை வெதுவெதுப்பான நீரில்தான் வளர்க்கிறோம். அதாவது இருப்பு குறைவு, மீனின் மூச்சுத் தேவையோ அதிகம். இரவானால் தொட்டியில் உள்ள செடிகளும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். நீர்ப்பரப்பில் அலைவு இருக்கும்வரை காற்றிலிருந்து ஈடு கிடைத்துக்கொண்டே இருக்கும். அலைவு நின்றதும் கணக்கு பற்றாக்குறையில் ஓடத் தொடங்குகிறது. பக்கத்துச் சிறு தொட்டியில் இருந்த பெட்டா மீனுக்கு அன்று ஒன்றுமே ஆகவில்லை. வெளிக்காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. ஒரே தொட்டியில் பல மீன்களை அடைத்து வைத்திருப்பவருக்கும் ஒற்றைப் பெட்டா வளர்ப்பவருக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது.

அந்தக் காலையில் நான் இன்னொரு தவறும் செய்தேன். மின்சாரம் வந்ததும், தொட்டிக்கு வெளியே மூடிய கலனில் நீரை வடிகட்டும் கேனிஸ்டர் ஃபில்டர் தானாக ஓடத் தொடங்கியதைப் பார்த்து நிம்மதியடைந்தேன். மூடிய கலனுக்குள் நீரோட்டமில்லாமல் மணிக்கணக்கில் கிடந்தால், அங்குள்ள நன்மை செய்யும் பாக்டீரியாக்களே மிச்ச ஆக்ஸிஜனைத் தின்று தீர்த்துவிட்டுச் சாகத் தொடங்கும். அழுகிய முட்டை நாற்றத்தோடு அந்த நீர் முழுவதும் தொட்டிக்குள் கொட்டியது. மறுநாள் சோதனையில் மீனுக்கு நஞ்சான அம்மோனியா தெரிந்தது. ஒரு வாரம் தினமும் நீர் மாற்றித்தான் மீதி ஐந்தையும் காப்பாற்றினேன். இப்போது ஃபில்டர் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், முதலில் இணைப்பைப் பிடுங்கி, கலனைத் திறந்து, தேங்கிய நீரைக் கொட்டி, உள்ளிருப்பதைத் தொட்டி நீரிலேயே அலசிய பிறகுதான் ஓட்டுகிறேன்.

ஜெனரேட்டரின் அளவுக்கு வருகிறேன். பொருள்களின் மீது எழுதியிருக்கும் வாட் எண்ணிக்கையைக் கூட்டி வாங்குவதுதான் எல்லோரும் செய்வது. நானும் அப்படித்தான் செய்தேன். பெரிய ஹீட்டர் 300, சிறிய ஹீட்டர் 100, விளக்குகள் 60, இரண்டு கேனிஸ்டர்கள் 32, ஏர் பம்ப் 4. மொத்தம் 500 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. "எதற்கும் இருக்கட்டும்" என்று 2.5 கேவிஏ வாங்கினேன். ஆனால் செருகியில் மாட்டும் சிறு வாட் மீட்டரை வைத்துப் பார்த்தபோது, உயிர் காக்கும் சுமை 40 வாட்டைக்கூடத் தொடவில்லை. மின்வெட்டில் விளக்கு தேவையில்லை. ஹீட்டர் சில மணி நேரம் பொறுக்கும். 300 லிட்டர் நீர் அவ்வளவு எளிதில் குளிர்ந்துவிடாது. அந்த மீட்டரை ஜெனரேட்டர் வாங்குவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

பழைய ஜெனரேட்டரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சாதாரண வகையில் என்ஜின் எப்போதும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். அந்த வேகத்தில்தான் மின்சாரத்தின் அதிர்வெண் நிற்கிறது. எனவே 40 வாட்டுக்கும் அதே இரைச்சல், கிட்டத்தட்ட அதே பெட்ரோல் செலவு. ஹீட்டர் இயங்கி அணையும் ஒவ்வொரு முறையும் என்ஜின் ஒரு கணம் திணறும்; மின்னழுத்தம் ஏறி இறங்கும். வீட்டு இன்வெர்ட்டர் அந்த மின்சாரத்தை ஏற்கவே மறுத்தது. அதன் பின்பக்கத்தில் இருந்த சுவிட்சை, ஏற்ற இறக்கத்தைப் பொறுக்காத யூபிஎஸ் நிலையிலிருந்து பொறுக்கும் நிலைக்கு மாற்றிய பிறகுதான் சார்ஜ் ஏறியது. மழைக்காலம் முடிந்து ஐந்து மாதம் தொடாமல் வைத்திருந்தேன். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் காய்ந்து பிசினாகி, இழு கயிற்றை எத்தனை முறை இழுத்தும் உயிர் வரவில்லை. கடைசிக் குறைக்கு இயந்திரத்தைப் பழிக்க மாட்டேன். அது முழுக்க என் கவனக்குறைவு.

இப்போது என்னிடம் இருப்பது 1 கேவிஏ இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். தொடர்ந்து 900 வாட் தரும். பெயரில் உள்ள இன்வெர்ட்டரை வீட்டில் பேட்டரியோடு வைக்கும் இன்வெர்ட்டரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் என்ஜின் உண்டாக்கும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, மறுபடியும் சீரான சைன் அலையாக மாற்றித் தருகிறார்கள். அதனால் சுமை குறைந்தால் என்ஜினும் மெதுவாக ஓடலாம். ஒரு கையில் தூக்கும் எடை. இதுவரை 200 மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்றினேன்; அதன் பிறகு 100 மணிக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஸ்பார்க் பிளக் ஒரு தடவை மாற்றியிருக்கிறேன். வேறு பழுது இல்லை. ஒருமுறை மட்டும் நடுராத்திரியில் காரணமில்லாமல் நின்று நின்று போனது. ஆயில் சரியாக இருந்தது. தளம் லேசாகச் சரிந்திருந்ததால், ஆயில் குறைந்துவிட்டது என்று உணரி தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அடியில் சமமாக ஒரு கல் பலகை போட்டதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

மாதத்தின் முதல் நாள் அதை இருபது நிமிடம் சுமையோடு ஓட்டுகிறேன். முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை விட்டுவிடுகிறேன். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழசானால் கெடும்; எனவே இருப்பில் உள்ளதை வாகனத்தில் ஊற்றிச் செலவழித்துவிட்டுப் புதிதாக வாங்கி வைக்கிறேன். நாலரை ஆண்டுகளாக இரண்டாவது இழுப்புக்கு மேல் போனதில்லை.

பேட்டரி பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். முதலில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி வைத்திருந்தேன். காகிதத்தில் 1,200 வாட்-மணி; ஆயுள் குறையாமல் எடுக்க முடிந்தது அதில் பாதி. எடுத்ததைத் திரும்ப நிரப்புவது பெரும்பாடு. அது மின்னோட்டத்தை மெதுவாகத்தான் ஏற்கும், நிறைய நிறைய இன்னும் மெதுவாகும். ஆறு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டினாலும் முழுதாக நிறையாது. மூன்றாம் ஆண்டில் அதன் கொள்ளளவு சரிந்ததும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைக்கு மாறினேன்: 12.8 வோல்ட், அதே 100 ஆம்பியர்-மணி. இதில் பத்தில் ஒன்பது பங்கை எடுக்கலாம். 40 ஆம்பியர் சார்ஜரை வைத்தால் ஜெனரேட்டரிலிருந்து 650 வாட் அளவுக்கு இழுத்து, இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதியை நிரப்பிவிடுகிறது. 900 வாட் ஜெனரேட்டருக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற சுமை. கூடவே 300 வாட் ஹீட்டரைப் போட்டால் மட்டும் எல்லை மீறும். ஆகவே ஹீட்டருக்கு முறை பேட்டரிக்குப் பிறகுதான்.

ஏர் பம்பை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டுவதையும் நிறுத்திவிட்டேன். பெரிய இன்வெர்ட்டர் சும்மா இருப்பதற்கே 15, 20 வாட் தின்கிறது. 4 வாட் பம்புக்கு அது அநியாயம். இப்போது 12 வோல்ட் ஏர் பம்ப் ஒன்று பேட்டரியிலிருந்து நேரே ஓடுகிறது. மின்சாரம் இருக்கும்வரை ஒரு சிறு அடாப்டர் ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை, பிடித்து வைத்திருக்கும். மின்சாரம் நின்ற கணமே ரிலே விடுபட்டு பம்ப் பேட்டரிக்கு மாறிக் குமிழிவிடத் தொடங்கும். யாரும் விழிக்க வேண்டியதில்லை. அந்தக் காற்று வெறும் காற்றுக்கல்லுக்குப் போகாமல் ஸ்பான்ஜ் ஃபில்டருக்குப் போவதால் பாக்டீரியாவும் பிழைத்துக்கொள்கிறது. அதற்காகவே பெரிய தொட்டியில் இரண்டு ஸ்பான்ஜ் ஃபில்டர்களை ஆண்டு முழுவதும் வைத்திருக்கிறேன். இந்தப் பம்ப் 8 வாட். அதை மட்டும் ஓட்டினால் முழுப் பேட்டரி ஐந்து நாளுக்கு மேல் தாங்கும். பெரிய கேனிஸ்டரையும் சிறிய சைன் அலை இன்வெர்ட்டரில் சேர்த்து ஓட்டினால் 30 மணி நேரம். சதுர அலை இன்வெர்ட்டரில் கேனிஸ்டர் உறுமிக்கொண்டு சூடேறியதை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் புயலில் 62 மணி நேரம் மின்சாரம் இல்லை. ஏற்பாட்டுக்கு அதுதான் உண்மையான தேர்வு. தொட்டியைச் சுற்றித் தெர்மோகோலும் கம்பளியும் கட்டினேன், உணவை முழுதாக நிறுத்தினேன். வளர்ந்த மீன் சில நாள் பட்டினி கிடப்பதால் ஒன்றும் ஆகாது. தின்றால் கழிவு, கழிவினால் அம்மோனியா. காலையில் இரண்டு மணி நேரம், இரவில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டர் ஓடியது. முதலில் பேட்டரி, மின்னோட்டம் இறங்கியதும் ஹீட்டர். வெப்பம் 29-இலிருந்து 26-க்குக் கீழே போகவில்லை. மொத்தம் மூன்று லிட்டருக்குச் சற்று அதிகமாகப் பெட்ரோல் செலவானது. ஒரு மீனும் போகவில்லை.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாதவை உண்டு. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். வீட்டுக்குள், கார் நிறுத்தும் அறையில், பால்கனியில், திறந்த ஜன்னல் அருகில் ஜெனரேட்டரை வைக்கவே கூடாது. குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையைப் பார்க்க வேண்டும். படுக்கையறையில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். மழை என்று உள்ளே இழுத்து வைக்கும் ஆசை வரும். நாலு கால் நட்டு மேலே தகரம் போடுங்கள், பக்கங்களை அடைக்காதீர்கள். சூடான என்ஜினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். சுவர் பிளக்கில் ஜெனரேட்டரைச் செருகி வீடு முழுவதற்கும் கொடுக்கும் குறுக்குவழி, தெருக் கம்பியில் வேலை செய்யும் மின் ஊழியரின் உயிரை வாங்கும். தெரு மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு போடுங்கள், அல்லது என்னைப் போலத் தனி நீட்டிப்பு வயரில் சார்ஜரையும் ஹீட்டரையும் மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள்.

கடல்நீர்த் தொட்டி நான் வைத்ததில்லை. அங்கே தேவை இன்னும் கடுமை. 25 டிகிரியில் கடல்நீர் தாங்கும் ஆக்ஸிஜன் லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கும் குறைவு. நீரைக் குளிர்விக்கும் சில்லர் இருந்தால் அதன் கம்ப்ரஸர் புறப்படும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். 1 கேவிஏ அதற்குப் போதாமல் போகலாம். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னும் தீராத குறை ஒன்று எனக்கு உண்டு. நான் வெளியூரில் இருந்தால் 30 மணி நேரத்துக்குப் பிறகு யாராவது கயிற்றை இழுக்க வேண்டும். மாதச் சோதனையை இப்போது மகளிடம் கொடுத்திருக்கிறேன். குழாயைத் திற, சோக்கை இழு, கயிறு, சோக்கை விடு, சத்தம் சீராகும்வரை பொறு, பிறகு சார்ஜர் என்று ஓர் அட்டையில் எழுதி ஜெனரேட்டரின் கைப்பிடியில் கட்டியிருந்தோம். சென்ற மாதம் அவள் அட்டையைப் பார்க்கவில்லை.