ஏஜென்டா, கட்டண ஆலோசகரா, நாமேவா? மியூச்சுவல் ஃபண்ட் முதலீட்டில் மூன்று வழிகள்

"யோசனை சொல்வதற்கு இருபத்தைந்தாயிரமா?" முதலீட்டு ஆலோசகரின் கட்டணத்தைக் கேட்டதும் நம்மில் பலர் கேட்பது இதுதான். ஆடிட்டருக்கும் வக்கீலுக்கும் கொடுக்கிறோம். பண விஷயத்தில் வழி சொல்பவருக்கு மட்டும் கொடுக்க மனசு வருவதில்லை. தெரிந்த ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து, ஃபார்ம் நிரப்பி, கையெழுத்து வாங்கி, காசு எதுவும் கேட்காமல் போகும்போது ஆலோசகருக்கு ஏன் பணம் அழவேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் ஏஜென்டும் சம்பளம் இல்லாமல் வரவில்லை. 2009 ஆகஸ்டுக்கு முன்பு பங்குகளில் முதலீடு செய்யும் ஈக்விட்டி ஃபண்டில் ஒரு லட்சம் போட்டால், 'என்ட்ரி லோட்' என்று பொதுவாக 2,250 ரூபாயை நுழையும்போதே பிடித்துக்கொள்வார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி அதை ஒழித்தது. இப்போது கமிஷன் ஃபண்டின் செலவு விகிதத்துக்குள், அதாவது ஃபண்டை நடத்த நம் பணத்திலிருந்து ஆண்டுதோறும் எடுக்கும் சதவீதத்துக்குள், இருக்கிறது. முதலீடு இருக்கும் வரை ஆண்டுதோறும் போய்க்கொண்டிருக்கும். அதே ஃபண்டைக் கமிஷன் இல்லாமல் வாங்க 2013 ஜனவரி 1 முதல் டைரக்ட் பிளான் உண்டு. ஈக்விட்டி ஃபண்டுகளில் இரண்டுக்கும் உள்ள செலவு வித்தியாசம் பெரும்பாலும் அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை.

ஒரு சதவீதம் என்ன செய்துவிடும்? மாதாமாதம் ஒரே தொகை போடும் எஸ்.ஐ.பி.யில் 10,000 ரூபாய், 20 வருஷம். 12 சதவீத வளர்ச்சி என்றால் சுமார் 99.9 லட்சம், 11 சதவீதம் என்றால் சுமார் 87.4 லட்சம். சந்தேகம் இருந்தால் உங்கள் ஃபண்ட் முதலீடுகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் சி.ஏ.எஸ். ஸ்டேட்மென்ட்டைப் பிரித்துப் பாருங்கள். ஏஜென்டுக்குப் போன கமிஷன் ரூபாய்க் கணக்கிலேயே அச்சாகியிருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இதனாலேயே ஏஜென்டை வில்லனாக்குவது தப்பு. இரண்டு லட்சம் வைத்திருப்பவருக்கு 0.8 சதவீத வித்தியாசம் என்பது வருஷத்துக்கு 1,600 ரூபாய். அந்தக் காசுக்கு கே.ஒய்.சி. சிக்கலைத் தீர்த்து, நாமினி பெயரை மாற்றி, வீட்டில் ஒருவர் இறந்துபோனால் யூனிட்டுகளைக் குடும்பத்தார் பெயருக்கு மாற்றும் வரை கூட நிற்கும் ஆள் வேறு எங்கே கிடைப்பார்? 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது, எஸ்.ஐ.பி.யை நிறுத்தாதீர்கள் என்று போன் போட்டுச் சொன்னவர்களும் இவர்களில் இருந்தார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'வாங்காதீர்கள்' என்று சொன்னால் ஏஜென்டுக்கு வருமானம் இல்லை. கையில் பத்து லட்சம் இருக்கிறது, வீட்டுக் கடனும் ஓடுகிறது என்றால், கடனை அடையுங்கள் என்று சொல்பவருக்குக் கமிஷன் தர யாரும் இல்லை. அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டமான பி.பி.எஃப்.-க்கு ஏஜென்ட் கமிஷன் 2011 டிசம்பரோடு போயிற்று. செல்வமகள் திட்டத்துக்கும் கிடையாது. பி.பி.எஃப். தொடங்கச் சொல்லி உங்களுக்கு யாராவது போன் செய்திருக்கிறார்களா?

கட்டண ஆலோசகரிடம் நாம் கொடுக்கும் பணம் முக்கியமாக, 'வாங்காதீர்கள்' என்றும் சொல்லக்கூடிய இந்த யோசனைக்குத்தான். ஃபண்ட் பெயர்கள் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன. அவர் உட்கார்ந்து படிப்பது சேமிப்பும் காப்பீடும் கலந்த உங்கள் பழைய எண்டோவ்மென்ட் பாலிசியை, அதை இடையில் நிறுத்தினால் கிடைக்கும் சரண்டர் மதிப்பை, கடன் அட்டவணையை, சம்பளச் சீட்டை. ஒரு மணி நேரச் சந்திப்புக்கு முன்னால் பல மணி நேர வேலை இருக்கும். எல்லாம் முடிந்து, "புதிதாக எதுவும் வேண்டாம், டேர்ம் இன்ஷூரன்ஸை (இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) மட்டும் கூட்டுங்கள்" என்று இரண்டு வரியில் சொல்லலாம். ஒன்றுமே விற்காத அந்த இரண்டு வரிக்கு நாம் காசு கொடுக்காவிட்டால் வேறு யாரும் கொடுக்கமாட்டார்கள்.

செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் ஒரே வாடிக்கையாளரிடம் கட்டணமும் வாங்கி, கமிஷனும் பார்க்க முடியாது. நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 1,51,000 ரூபாய். சொத்து மதிப்பில் சதவீதமாக என்றால் 2.5 வரை. எனக்கு இந்தச் சதவீத முறை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஃபண்டில் இருக்கும் பணத்தை எடுத்துக் கடனை அடைத்தால் அவர் வருமானமும் குறையும். பழைய நோய் வேறு வழியில் திரும்பி வருகிறது. நிலையான கட்டணக்காரரைத் தேடுவதே மேல். அப்படித் தேடினால் சுலபமாகக் கிடைக்கமாட்டார் என்பதுதான் பெரிய குறை. நாடு முழுவதும் ஏஜென்டுகள் லட்சத்துக்கும் மேல். பதிவு பெற்ற ஆலோசகர்கள் ஆயிரத்தை ஒட்டித்தான். டெலிகிராமில் 'டிப்ஸ்' விற்பவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பதிவு எண்ணைச் செபியின் தளத்தில் சரிபார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

மூன்றாவது வழி நாமே செய்துகொள்வது. சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டு ஒன்றிரண்டு, ஒரு டேர்ம் பாலிசி, ஆறு மாதச் செலவுக்கு எஃப்.டி. இத்தோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவருக்கு யாரும் தேவையில்லை. வாரம் ஒரு வீடியோ பார்த்து வாரம் ஒரு ஃபண்ட் மாற்றுபவருக்கு இது ஆகாது.

பணக்கணக்கு மட்டும் பார்த்தால், ஆண்டுக்கு 25,000 ரூபாய் கட்டணம் ஜி.எஸ்.டி. சேர்த்து 29,500. ஏஜென்ட் வழியில் 0.8 சதவீதம் போகிறதென்றால், முதலீடு சுமார் 37 லட்சத்தைத் தாண்டிய பிறகே கட்டண ஆலோசகர் மலிவு. அதற்குக் கீழே இருப்பவருக்கு நான் சொல்வது: ஏஜென்டை வைத்துக்கொள்ளுங்கள், வீடு வாங்குவது, வேலையை விடுவது மாதிரி பெரிய முடிவு வரும்போது மட்டும் ஒருமுறைக் கட்டணத்துக்கு ஆலோசகரைப் பாருங்கள்.

டைரக்டுக்கு மாறுவது என்று முடிவெடுத்தாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மாற்றுவது வரிக்கணக்கில் விற்றதாகவே ஆகும். சீக்கிரம் வெளியேறினால் பிடிக்கும் எக்ஸிட் லோடும் இருக்கலாம். ஈக்விட்டி ஃபண்டில் ஒரு வருஷத்துக்குள் என்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. அதற்கு மேல் என்றால் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் போக மீதி லாபத்துக்கு 12.5 சதவீதம். புது எஸ்.ஐ.பி.யை டைரக்டில் தொடங்கிவிட்டு, பழையதை அந்த 1.25 லட்சத்துக்குள் அடங்கும்படி வருஷா வருஷம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளலாம்.