டோனிஸ் சாக்லோன்லி: ருசியும் கணக்கும்

சிவப்புக் காகிதம் சுற்றிய 180 கிராம் பால் சாக்லேட் பார். நிறுவனம் நெதர்லாந்து, தயாராவது பெல்ஜியத்தில். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் இப்போது இதைத்தான் வாங்கிவரச் சொல்கிறேன்.

முதலில் ருசி. கனமான பார், 32 சதவீதம் கோகோ, பால் வாசம் நன்றாகத் தெரியும், இனிப்பு என் நாக்குக்குக் கொஞ்சம் தூக்கல். ஆரஞ்சு உறையில் வரும் கேரமல், கடல் உப்பு போட்டது இன்னும் நன்றாக இருக்கும். உடைப்பதுதான் சிரமம், கட்டம் கட்டமாக இல்லாமல் ஒரு துண்டு பெரிசு, ஒரு துண்டு சிறிசு என்று கோணல்மாணலாக வரும். அது வேண்டுமென்றே செய்தது. சாக்லேட் வியாபாரத்தில் பணம் இப்படித்தான் ஏற்றத்தாழ்வாகப் பிரிகிறது என்று காட்டுகிறார்கள்.

சின்னத் துண்டு போவது மேற்கு ஆப்பிரிக்க விவசாயிக்கு. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலிருந்தும்தான் வருகிறது. சில ஹெக்டேர் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அதில் வரும் காசு கூலிக்கு ஆள் வைக்கக் காணாது, அதனால் வீட்டுப் பிள்ளைகள் இறங்குகிறார்கள். வெட்டுக்கத்தியால் காயை உடைப்பது, மூட்டை சுமப்பது, பூச்சிமருந்து அடிப்பது எல்லாம் அந்தப் பிள்ளைகள் செய்கிற வேலை. மாலி, புர்கினா ஃபாசோவிலிருந்து தரகர்கள் ஏமாற்றிக் கூட்டிவந்த பிள்ளைகளும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு அமைப்பு 2020-ல் கொடுத்த கணக்குப்படி, 2018-19 பருவத்தில் இந்த இரு நாடுகளின் கோகோ தோட்டங்களில் குழந்தைத் தொழிலாளர்கள் சுமார் 15.6 லட்சம் பேர்.

பெரிய கம்பெனிகளுக்கு இது தெரியாததல்ல. மிக மோசமான குழந்தைத் தொழிலை 2005-க்குள் ஒழிப்போம் என்று 2001-லேயே கையெழுத்துப் போட்டார்கள். கெடு 2008 ஆனது, அப்புறம் 2010, அப்புறம் 2020, அதுவும் ஒழிப்பது போய் 70 சதவீதம் குறைப்பது என்றானது. 2001-ல் பத்து வயதில் கத்தி பிடித்த பையனுக்கு இன்று அதே வயதில் மகன் இருக்கலாம், அவனும் அதே தோட்டத்தில் நிற்கலாம். சிறு வயதில் தோட்டத்தில் அடிமையாக வேலை வாங்கப்பட்டதாகச் சொன்ன மாலிக்காரர்கள் ஆறு பேர் கோகோ வாங்கும் கம்பெனிகளான நெஸ்லே, கார்கில் மீது அமெரிக்காவில் போட்ட வழக்கையும் 2021-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. கொடுமை நடந்தது வெளிநாட்டில், அமெரிக்காவில் எடுத்த நிர்வாக முடிவுகள் மட்டும் வழக்குக்குப் போதாது என்றது. சுரண்டலிலிருந்து பாதுகாப்பு ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை என்று ஐ.நா. 1989-லேயே எழுதிவைத்திருக்கிறது. அந்த உரிமையைக் கேட்டு யார் வாசலில் போய் நிற்பது?

இந்தக் கோபத்தில் பிறந்ததுதான் டோனிஸ். அடிமைக் குழந்தைகள் விளைவித்த சாக்லேட்டைச் சாப்பிட்டுவிட்டேன், நானும் குற்றவாளி, எனக்குத் தண்டனை கொடுங்கள் என்று நீதிமன்றம் போன ஒரு டச்சுப் பத்திரிகையாளர் தொடங்கியது இது. 2005-ல் முதலில் போட்டது 5,000 பார். இப்போது எந்தக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து கோகோ கொட்டை வருகிறது என்று தெரிந்து வாங்குகிறார்கள், குடும்பம் பிழைக்கிற அளவுக்கு விலை எட்டவேண்டும் என்று சந்தை விலைக்கு மேல் கூடுதல் பணம் தருகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் அப்பாவுக்கு வருமானம் வராதவரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று சொல்லிப் பயனில்லை.

குறைகளும் உண்டு. குழந்தைத் தொழில் புகாருக்கு ஆளான பேரி காலபோ என்ற பெரிய கம்பெனியின் ஆலையில்தான் இவர்கள் கோகோ பதப்படுத்தப்படுகிறது, அந்தக் காரணத்தால் 2021-ல் ஓர் அமெரிக்க அமைப்பு தன் அடிமையற்ற சாக்லேட் பட்டியலிலிருந்து டோனிஸை எடுத்துவிட்டது. எங்கள் கொட்டையைத் தனித் தொட்டியில்தான் அரைக்கிறார்கள் என்பது டோனிஸின் பதில். பெரிய ஆலையை உள்ளிருந்து மாற்றலாம் என்ற அவர்கள் வாதம் எனக்கு முழுசாக ஒப்பவில்லை.

அதே காலத்து அறிக்கையில் தங்கள் விவசாயிகளிடம் 1,701 குழந்தைத் தொழிலாளர்களைக் கண்டுபிடித்ததாக அவர்களே எழுதினார்கள். புதிய சங்கங்கள் சேர்ந்ததால் முந்தைய ஆண்டைவிட எண்ணிக்கை எகிறியிருந்தது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டு அடித்தன. நான் இந்தப் பாரை வாங்குவதற்குக் காரணமே அந்த எண்தான். வீடு வீடாகப் போய்த் தேடினால்தான் பிள்ளைகள் கண்ணில் படுவார்கள். பட்டபின் அந்த விவசாயியிடம் வாங்குவதை நிறுத்திவிட்டால் குடும்பம் இன்னும் ஏழையாகும், பிள்ளை வேறு தோட்டத்துக்குப் போகும். இவர்கள் அப்படி விடுவதில்லை, பள்ளிப் பொருள், பிறப்புச் சான்றிதழ் போன்ற உதவி செய்து தொடர்ந்து கவனிக்கிறார்கள்.

விலை சாதாரண பாரைவிட அதிகம், தினமும் வாங்கக் கட்டுப்படியாகாது. ருசிக்கு நாலு நட்சத்திரம், நேர்மைக்கு நாலரை. கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் தாங்கள் சாப்பிடும் பிராண்டின் வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு கேள்வி எழுதிப் போடுங்கள்: உங்கள் கோகோ எந்தக் கூட்டுறவிலிருந்து வருகிறது, போன வருஷம் அங்கே எத்தனை பிள்ளைகளைக் கண்டுபிடித்தீர்கள்?