முழுப் பித்தளை ரோலர் பக்கிள்: ஒரு வருடம் குதிரை மேல் கிடந்த பிறகு

இந்தப் பக்கிள் செட்டை ஏன் தேடி வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன்னால் தங்க நிறத்தில் பளபளவென்று இருந்த ஒரு செட்டைப் பித்தளை என்று நம்பி வண்டிச் சேணத்தில் போட்டிருந்தேன். ஒருநாள் குதிரை மிரண்டு சட்டென்று முன்னால் பாய்ந்ததில் மார்பு வாரில் இருந்த பக்கிள் கொஞ்சம்கூட வளையாமல் இரண்டாக முறிந்துவிட்டது. முறிந்த இடம் சாம்பல் நிறத்தில், கற்கண்டு மாதிரி பொருபொருவென்று இருந்தது. துத்தநாக வார்ப்பு, மேலே வெறும் முலாம். குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் இந்த 25 மி.மீ. செட் வந்ததும் வாரில் கோர்க்கும் முன்பே சோதித்தேன். காந்தம் ஒட்டவில்லை என்றால் பித்தளை என்று பலர் சொல்வார்கள், அது பாதிதான் சரி, துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது. பின்பக்கம் அரத்தால் லேசாக ஒரு கீறல் போட்டுப் பாருங்கள், உள்ளேயும் மஞ்சளாக இருக்க வேண்டும். இது இருந்தது.

அப்புறம் முள், அதாவது வாரின் துளைக்குள் நுழையும் கம்பி. வாங்குபவர்கள் பக்கிளின் வெளிச்சட்டத்தைப் பார்க்கிறார்கள், முள்ளைப் பார்ப்பதில்லை, இழுவை முழுவதும் வாரின் துளை வழியாக வந்து விழுவது அந்த முள்ளின் மேல்தான். பித்தளைச் சட்டத்தில் இரும்பு முள் வைத்து விற்பதும் உண்டு, வியர்வை பட்டுத் துருப்பிடித்துத் துளையைச் சுற்றித் தோலையே கறுக்க வைத்துவிடும். காந்தத்தை முள்ளில் வைத்துப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான். இந்த செட்டில் முள் எவர்சில்வர், ஒரு வருடத்தில் ஒன்றுகூட வளையவில்லை. ஆனால் பன்னிரண்டில் இரண்டில் முள் நீளம் போதவில்லை, ரோலர் (சட்டத்தின் மேல் உருளும் சின்னக் குழாய்) மேல் முழுதாகப் படியாமல் விளிம்பிலேயே நிற்கிறது. அந்த இரண்டையும் போடவில்லை.

ரோலர் இருப்பது பெரிய நிம்மதி. தினமும் இறுக்கித் தளர்த்தும் வாரில் தோல் உரசாமல் உருண்டு வருகிறது, முன்பு மடிப்பில் வெடித்த இடங்கள் இப்போது நன்றாக இருக்கின்றன. தோலுக்கு எண்ணெய் போட்ட இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும், பித்தளை என்றால் அது உண்டு. வாரைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள், பாலிஷ் தோலில் இறங்கக் கூடாது.

கூடவே வந்த ஸ்பிரிங் கொக்கிகளை மட்டும் குதிரையைக் கட்டுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். குதிரை பின்னால் இழுத்து இறுகிக்கொண்டால் அது கையால் திறக்காது. கட்டும் கயிற்றுக்கு, இழுவையில் இருக்கும்போதே விடுபடுகிற அவசரக் கொக்கி தனியாக வாங்க வேண்டும்.

அடுத்து இழுவை வார்களுக்கும் இதே பக்கிள்தான் வாங்கப் போகிறேன், இந்த முறை முள்ளை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுப்பேன்.