ஹாட் டப் நீருக்கு எந்தக் குளோரின்: தூளா, திரவமா, மாத்திரையா?

நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் 1999-ல் நடந்த மலர்க் கண்காட்சியில் ஒரு வெந்நீர்த் தொட்டி காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய நுண்துளிகளைச் சுவாசித்ததால், வேடிக்கை பார்த்துக் கடந்து போனவர்களுக்கே லெஜியோனெல்லா என்ற, நுரையீரலைத் தாக்கும் பாக்டீரியாவின் தொற்று வந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டு ஹாட் டப்பில் எதைப் போடுவது என்ற பேச்சை விலையிலிருந்து தொடங்காமல் இங்கிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுகோல் எளிது: லிட்டருக்குக் குறைந்தது 3 மில்லிகிராம் குளோரின், பி.எச். 7.0 முதல் 7.8 வரை. அந்த 3 மில்லிகிராம் எதிலிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கடைகளில் ஹாட் டப்புக்கென்றே விற்கப்படுவது பெரும்பாலும் டைகுளோர் தூள். சட்டென்று கரையும், பி.எச்.சை அதிகம் அசைக்காது, ஒரு கரண்டி போட்டால் வேலை முடிந்தது. ஆனால் 10 மில்லிகிராம் குளோரின் தரும்போது 9 மில்லிகிராம் சயனூரிக் அமிலத்தையும் அது நீரில் விட்டுச் செல்கிறது. குளோரின் கிருமியோடும் வியர்வையோடும் போராடித் தீர்ந்துபோகும். அமிலம் அப்படியே தங்கும். நாளுக்கு 3 மில்லிகிராம் வீதம் போட்டால் ஒரே மாதத்தில் அமிலம் 80-ஐத் தொட்டுவிடும். அது குளோரினின் பெரும்பகுதியைக் கிருமியோடு போராட விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. சோதனைப் பட்டையோ முதல் நாள் காட்டிய அதே 3-ஐத்தான் காட்டும். நிறம் சரியாக இருக்கிறது என்று நம்பிக் குழந்தைகளை இறக்குகிறோமே, எனக்குப் பொறுக்காதது இதுதான். திறந்தவெளி நீச்சல் குளத்தில் வெயிலிலிருந்து குளோரினைக் காக்க இந்த அமிலம் உதவும். மூடி போட்ட தொட்டிக்கு வெயில் ஏது? அந்த மையமும் சயனூரிக் அமிலம் கலந்த எதையும் ஹாட் டப்பில் போட வேண்டாம் என்றே சொல்கிறது.

என் தேர்வு திரவக் குளோரின், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். 1,200 லிட்டர் தொட்டிக்கு 3 மில்லிகிராம் ஏற்ற, 10 சதவீதத் திரவம் 36 மில்லிலிட்டர் போதும். பின்னால் எஞ்சுவது கொஞ்சம் உப்பு மட்டுமே. தொல்லைகள் இல்லாமல் இல்லை. அன்றாடம் அளந்து ஊற்ற வேண்டும். வெப்பத்தில் வைத்தால் பாட்டிலிலேயே வீரியம் குறையும். வீட்டு பிளீச் வாங்கினால் வாசனையும் கெட்டிப்படுத்தும் பொருளும் சேர்க்காததா என்று பார்க்க வேண்டும். பி.எச். ஏறுகிறதே என்று பலர் இதன்மேல் பழி போடுகிறார்கள். பெரும்பாலும் காரணம், காற்றுக் குமிழிகள் நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவதுதான். காரத்தன்மையை, அதாவது பி.எச். மாற்றத்தைத் தாங்கும் நீரின் திறனை, லிட்டருக்கு 50 முதல் 70 மில்லிகிராமுக்குள் வைத்தால் அந்த ஏற்றம் தணியும்.

முதல் பத்து நாள் டைகுளோர், அமிலம் 30-ஐத் தொட்டதும் திரவம் என்று நடுவழியில் போகிறவர்கள் நிறைய உண்டு. 1,200 லிட்டருக்கு மொத்தம் 70 கிராம் தூள் என்று எழுதி வைத்து, அங்கேயே நிறுத்துகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எண்ணாமல் போடுகிறவர்களோடுதான்.

டிரைகுளோர் மாத்திரை வேண்டவே வேண்டாம். அதன் பி.எச். 3-க்கு அருகில். மெல்லக் கரையும் அந்த அமிலம் தொட்டியையும் ஹீட்டரையும் அரிக்கும், சயனூரிக் அமிலத்தையும் சேர்க்கும். கால்சியம் ஹைப்போகுளோரைட், நம் ஊர்க் கிணறுகளில் போடும் பிளீச்சிங் பவுடரின் வீரியமான உறவு. கிணற்றுக்கு நல்லது. சூடேறும் ஹீட்டரிலோ சுண்ணாம்புப் படிவு கட்டும்.

குளோரினுக்கு உண்மையான போட்டி புரோமின்தான். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்த பிறகும் அது கிருமியைக் கொல்லும். அப்படிச் சேர்ந்த குளோரினோ வலுவிழந்து, கண் எரிக்கும் அந்த நெடியாகவே மிஞ்சும். மிதவையில் மாத்திரையை வைத்தால் தானே கரைந்துகொண்டிருக்கும். அன்றாடம் தொட்டிப் பக்கம் போக முடியாதவர்களுக்கு நான் புரோமினையே சொல்வேன், 4 முதல் 8 மில்லிகிராம் அளவில். சிலருக்குத் தோல் அரிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். ஒருமுறை புரோமைடு, அதாவது புரோமின் நீரில் விட்டுச் செல்லும் உப்பு, கலந்துவிட்டால் அதன் பிறகு ஊற்றும் குளோரினெல்லாம் புரோமினாகவே மாறும். திரும்பி வர, நீர் முழுவதையும் வடித்தாக வேண்டும்.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை: ஒரு தூளுக்குப் பயன்படுத்திய கரண்டியை இன்னொன்றில் விடாதீர்கள். டைகுளோரும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் தூளாகக் கலந்தால் தீப்பற்றலாம், வெடிக்கவும் செய்யலாம்.