ஞாயிறு பிரஞ்ச் சாப்பிட எங்கே போகலாம்? பேசினால் கேட்கிற இடத்துக்கு

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "அப்பா அம்மா வர்றாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் பிரஞ்சுக்குக் கூட்டிட்டுப் போகணும். எங்கே போறது?" பிரஞ்ச் என்பது காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி, இரண்டுக்கும் நடுவில் சாப்பிடுவது. பல வருடங்களாக வார இறுதியில் குடும்பத்தோடு அதற்குப் போகிறவன் நான். ஒரே ஒரு பெயரைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் நாங்கள் வழக்கமாகப் போகும் இடத்தைச் சொல்லவும் மனம் வரவில்லை, சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த இடத்தின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், நிறையவே இருக்கிறது. ஓட்டை உடைத்து நேரே வெந்நீரில் விட்டு எடுக்கும் போச்டு முட்டையை இவ்வளவு சரியாக வேறு எங்கும் நான் சாப்பிட்டதில்லை. கத்தி பட்டதும் மஞ்சள் கரு அவசரமில்லாமல் வழியும். வெள்ளைக் கரு தட்டில் தண்ணீர் விடாது. முட்டை பழையதாக இருந்தால் வெள்ளைக் கரு நீர்த்துப்போய், வெந்நீரில் இழை இழையாகப் பிரிந்துவிடும். இங்கே ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. மேலே ஊற்றும் ஹாலண்டேஸ் சாஸ் இன்னும் கஷ்டமான வேலை. மஞ்சள் கருவையும் வெண்ணெயையும் சேர்த்து அடிப்பது அது. சூடு 70 டிகிரியைத் தாண்டினால் கரு திரிய ஆரம்பிக்கும், ஆறவிட்டால் வெண்ணெய் உறைந்துவிடும். வாரத்திலேயே அதிகக் கூட்டம் வரும் காலையில், அந்தக் குறுகிய இடைவெளியில் சாஸை மணிக்கணக்காகப் பிடித்து வைத்திருக்கும் சமையலறையை மதிக்காமல் இருக்க முடியாது. காபியும் நன்றாக இருக்கும். என் அம்மாவுக்குச் சர்க்கரை குறைவாக, நாக்கு பொறுக்கும் அளவுக்குச் சூடாக வேண்டும் என்பதைப் பரிமாறுகிறவர் கேட்காமலேயே நினைவில் வைத்திருப்பார்.

இவ்வளவும் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. மாறியது கூடம்.

சில வாரம் மூடி வைத்துப் புதுப்பித்துத் திறந்தார்கள். முன்பு ஜன்னலுக்குக் கனமான துணித் திரை இருந்தது. நாற்காலிகளில் மெத்தை, மேஜையில் விரிப்பு, உள்பக்கம் பாதிக் கூடத்துக்குக் கம்பளம். இப்போது தரை பளபளப்பான கான்கிரீட். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. பொய்க்கூரையைப் பிரித்துவிட்டார்கள், ஏசி குழாய்கள் வெளியே தெரிகின்றன. கல் பதித்த மேஜை, இரும்புக் கால் நாற்காலி. படம் எடுத்தால் அழகாகத்தான் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாராவது நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தால் அந்தக் கிறீச்சொலி கூடத்தின் மறுகோடி வரை போய்த் திரும்பி வருகிறது.

என் அம்மா காது கேட்கும் கருவி அணிகிறவர். புதுப்பித்த பிறகு நாங்கள் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் தன் தோழியின் பாட்டி இறந்துபோனதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய் வந்தவள், சொல்லும்போதே அவளுக்குக் குரல் தழுதழுத்தது. எதிரே அம்மா சிரித்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். மகள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஏதோ சரியில்லை என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் என்ன என்று புரியவில்லை. அதற்குப் பிறகு அவர் யார் முகத்தையும் பார்க்காமல் தட்டைப் பார்த்து வேகமாகச் சாப்பிட்டு முடித்தார். திரும்பி வரும்போது காரில் ரகசியம் போலக் கேட்டார்: "பாப்பா என்னடா சொன்னா?" எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்தக் கோபத்தில்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். சத்தமான இடத்தில் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள் என்பதை 1911-இல் எத்தியேன் லோம்பார் என்ற பிரெஞ்சு காது மருத்துவர் எழுதி வைத்தார். லோம்பார்ட் விளைவு என்று இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். பிரஞ்ச் கூடத்தில் நடப்பது இதுவேதான். பக்கத்து மேஜைக்காரர் கொஞ்சம் சத்தமாகப் பேச, அதை மீற நாம் பேச, நம்மை மீற அடுத்த மேஜை பேச, அரை மணி நேரத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். யாரிடமும் தப்பில்லை. அப்புறம் இசையின் ஒலியைக் கூட்டுவார்கள், கூட்டத்தில் பாட்டு கேட்கவில்லையே என்று.

கைபேசியில் சத்தத்தின் அளவை டெசிபலில் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். துல்லியமான கருவி இல்லைதான், ஆனால் ஏறத்தாழ நிலவரம் சொல்லும். கூட்டம் உச்சத்தில் இருந்தபோது 80-க்கும் 85-க்கும் நடுவில் நின்றது. சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் வேலை செய்கிறவருக்கு 85-ஐ எல்லையாக வைக்கிறது, வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு. நாம் இரண்டு மணி நேரம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். பரிமாறுகிறவர்கள் நாள் முழுக்க அங்கேதான் நிற்கிறார்கள். அம்மாவின் காபியை நினைவில் வைத்திருக்கிறவரும் அதில் ஒருவர்.

இவ்வளவு சத்தத்தில் ஒரு குரலை மட்டும் பிரித்துக் கேட்பது எப்படி என்ற கேள்வியை 1953-இல் காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆராய்ந்தார். நல்ல காதுகளும் மூளையும் சேர்ந்து இதைப் பெரும்பாலும் சமாளித்துவிடுகின்றன. வயதாகும்போது முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்துகள் கேட்கும், 'ச', 'த', 'க' போன்ற மெய்யொலிகள் மங்கிவிடும். அதனால் ஆள் பேசுவது தெரியும், என்ன பேசுகிறார் என்பது தெரியாது. காதுக் கருவியைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். அது பேத்தியின் குரலோடு கரண்டிச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெருக்குகிறது.

இதற்கு மருந்து கண்டுபிடித்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேசினால் எதுவும் விளங்கவில்லை, ஒரு சொல் ஐந்தரை விநாடி வரை கூடத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி வாலஸ் சேபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கி வந்து அடுக்கினார். ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. கூடம் எவ்வளவு பெரியது, அதில் ஒலியை உறிஞ்சும் பரப்பு எவ்வளவு என்ற இரண்டையும் வைத்து அவர் கண்ட சூத்திரத்தைத்தான் கட்டடக் கலைஞர்கள் இன்றும் போடுகிறார்கள். அதே 1895-இல்தான் இங்கிலாந்தில் கய் பெரிங்கர் என்ற எழுத்தாளர் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிரஞ்ச் என்ற சாப்பாடு வேண்டும் என்று வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். அது மனிதர்களைப் பேசவைக்கும் சாப்பாடு என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. பேச்சுக்காகவே கேட்டு வாங்கிய சாப்பாட்டைப் பேச முடியாத கூடத்தில் பரிமாறுகிறார்கள்.

உணவகக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கான்கிரீட் தரையைத் துடைத்தால் ஐந்து நிமிடத்தில் காயும், கம்பளத்தில் சாஸ் சிந்தினால் நாள் முழுக்க வேலை. துணியில் எண்ணெய் வாசனை ஏறும். வெளியிலிருந்து கண்ணாடி வழியே நிறைந்த கூடத்தைப் பார்த்தால்தான் புதிதாக ஆள் உள்ளே வருவார்கள். இளம் வயதுக்காரர்கள் சிலருக்கு அந்த ஆரவாரம் பிடித்தும் இருக்கிறது. சரி. ஆனால் மேற்கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை ஒட்டினால் இதில் எதுவும் கெடப்போவதில்லை. நாற்காலிக் காலுக்கு அடியில் ஃபெல்ட் என்ற தடித்த மெத்துத் துணியை ஒட்டுவது அதைவிடச் சுலபம். மேலாளரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், இனிப்பு ஒன்றை இலவசமாக அனுப்பினார். ஃபெல்ட் வரவில்லை.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். பெருநகரத்தில் பிரஞ்ச் கிடைக்கும் இடங்களைக் காதை வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது.

பெரிய ஹோட்டல்களின் பஃபேயை நான் நெடுநாள் மட்டமாகப் பேசிவந்தேன், உணவைப் பொறுத்தவரை இன்றும் அப்படித்தான். சூடு காட்டும் பாத்திரத்தில் கிளறிய முட்டை ரப்பராகிவிடும். கண்ணெதிரே ஆம்லெட் போட்டுத் தரும் கவுன்ட்டரில் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அங்கே கம்பளம் இருக்கிறது, திரை இருக்கிறது, மேஜைக்கு மேஜை இடைவெளி இருக்கிறது. அம்மாவோடு போனபோது, அவர் தன் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி நான் கேட்டே இராத ஒரு கதையைச் சொன்னார், பேத்தி நடுவில் கேள்வி கேட்டாள், அவர் பதில் சொன்னார். சாப்பாடு சுமார்தான். நாங்கள் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

தோட்டத்தில் மேஜை போடும் இடங்கள் இன்னும் நல்லவை. திறந்தவெளியில் ஒலி மேலே போய்விடும், திரும்பி வராது. சாலையை ஒட்டியிருந்தால் மட்டும் வேண்டாம். நாலு பக்கமும் உயர்ந்த சுவர் வைத்த முற்றத்தைப் பார்த்துத் தோட்டம் என்று ஏமாறாதீர்கள், அது கூரையில்லாத கூடம், அவ்வளவுதான். அருங்காட்சியகங்களுக்குள் இருக்கும் காபிக் கடைகள் ஆளைப் பொறுத்தவரை அமைதியானவை, கட்டடம்தான் பளிங்கும் உயர்ந்த கூரையுமாக இருக்கும். புத்தகக் கடையோடு சேர்ந்த சின்னக் காபிக் கடை கிடைத்தால் விடாதீர்கள். அலமாரி நிறைய அடுக்கிய புத்தகங்கள் ஒலியைச் சிதறடித்து உறிஞ்சிவிடும்.

மேஜை பதிவு செய்வதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய் ஆளில்லாத நேரத்தில் ஒரே ஒரு கைதட்டிப் பாருங்கள். சட்டென்று அடங்கினால் நல்ல கூடம். வால் போல இழுத்தால் வேண்டாம். திறந்த உடனே, கூட்டம் சேருவதற்கு முன் போய்விடுங்கள். காபி இயந்திரத்துக்குப் பக்கத்திலும், கரண்டி முள்கரண்டிகளைக் கொட்டி அடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் உட்காராதீர்கள். காபித்தூளைத் தட்டிக் கொட்டும் சத்தம் காதுக் கருவிக்குள் சுத்தியலடி போல இறங்குமாம், அம்மா சொன்னது. நீள மேஜை வேண்டாம், சின்ன மேஜையில் நெருங்கி உட்காருங்கள், தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் வரை கூடுதலாகக் கேட்கும். பெரியவர்களை மெத்தை வைத்த சுவரோர இருக்கையில் உட்காரவையுங்கள். அவர்களோடு பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் உதட்டசைவு தெரியாது. இசையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள், பெரும்பாலும் குறைப்பார்கள்.

இன்னொன்று. சத்தம் கூடினால் உப்பும் இனிப்பும் நாக்குக்குக் குறைவாகத் தெரிகின்றன என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் கண்டார்கள். அந்த முட்டைக்காக மெனக்கெடும் சமையல்காரர் உழைப்பில் ஒரு பங்கு அந்தக் கூடத்திலேயே வீணாகிறது.

கணக்குப் போட்டால் அந்த உணவகம்தான் முதலில் வரும். முட்டைக்கு முழு மதிப்பெண், காபிக்கு முழு மதிப்பெண், ஆட்களின் அன்புக்கு அதற்கும் மேலே. ஆனாலும் உங்கள் பெற்றோரை அங்கே கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். ரப்பர் முட்டையே இருக்கட்டும், கம்பளம் போட்ட ஹோட்டலுக்குப் போங்கள், அம்மா சொல்வதைக் கேளுங்கள். பழைய இடத்துக்காரர்கள் கூரையில் பலகை ஒட்டிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால், அடுத்த ஞாயிறே முதல் மேஜை எங்களுடையது.