நம்பர் பட்டன் வைத்த ஹார்ட் டிஸ்க்கை நம்பி வாங்காதீர்கள்

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் நான். வாடிக்கையாளர்களின் பான், ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் பேக்கப் எடுத்து வைக்க வேண்டும், சில சமயம் கையோடு கொண்டுபோகவும் வேண்டும். தொலைந்தாலும் யாரும் திறக்கக் கூடாது என்றுதான், சாதா எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் போல இரண்டு மடங்கு விலை கொடுத்து, மேலே நம்பர் பட்டன் உள்ள 1 டிபி டிஸ்க் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பெட்டியில் 'ஏஇஎஸ் 256 பிட் என்கிரிப்ஷன்' என்று, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலையே உருமாற்றி வைக்கும் முறை என்று, கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சரியான எண்ணை அழுத்தாவிட்டால் கம்ப்யூட்டரில் டிஸ்க்கே தெரியாது. நம்பாமல் என்ன செய்வது?

கொஞ்ச நாளில் யுஎஸ்பி போர்ட் ஆட ஆரம்பித்தது. தெரிந்த சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்து, அங்கே கிடந்த வேறொரு கேஸில் செருகினார். அத்தனை ஃபோல்டரும் வரிசையாக வந்து நின்றன. "பாஸ்வேர்டு எதுவும் கேக்கலையேண்ணா, நீங்க போட்டிருந்தீங்களா?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது.

விஷயம் இதுதான். நிஜமான என்கிரிப்ஷன் இருந்தால் டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொரு பைட்டும் உருமாறித்தான் உட்காரும். வெளியே எடுத்து வேறு கேஸில் போட்டால், 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்குமே தவிர ஃபைல் தெரியாது. எனக்கு விற்ற பொருளிலோ, பட்டன்கள் செய்த ஒரே வேலை யுஎஸ்பி இணைப்பை அடைத்துத் திறப்பதுதான். முன்கதவுக்குப் பூட்டுப் போட்டு, பின்பக்கம் தகடே அடிக்காத பீரோ.

விற்பனையாளரைக் கூப்பிட்டால், "மூடியைக் கழற்றினால் வாரண்டி போச்சு சார்" என்கிறார். திருடன் வாரண்டி பார்த்தா கழற்றுவான்? என்கிரிப்ஷன் எங்கே என்று திரும்பக் கேட்டதற்கு, அது சிப்பில் இருக்கிறது என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. ரிட்டர்ன் நாள் முடிந்துவிட்டது என்று விற்பனைத் தளமும் கைவிரித்தது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

பேர் பெற்ற கம்பெனி என்றால் கவலை இல்லை என்றும் சொல்ல முடியாது. நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல், சாம்சங், குரூஷியல் கம்பெனிகளின் எஸ்எஸ்டிகள் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்குகள்) சிலவற்றில் உள்ளேயே அமைந்த என்கிரிப்ஷனைப் பாஸ்வேர்டு தெரியாமலே தாண்ட முடிந்ததைக் காட்டினார்கள். சாம்சங்கின் டி3, டி5 போர்ட்டபிள் டிரைவ்களும் அதில் அடக்கம். அதற்கு அடுத்த வருஷமே, டிரைவின் சொந்த என்கிரிப்ஷனை நம்பும் வழக்கத்தை, விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் வசதியான பிட்லாக்கரில் மைக்ரோசாஃப்ட் மாற்றிவிட்டது.

அதனால் சாதா டிஸ்க் வாங்கி, சாஃப்ட்வேரில் பூட்டுவதே மேல். விண்டோஸ் ப்ரோ இருந்தால் பிட்லாக்கர் கூடவே வருகிறது. ஹோம் பதிப்பில், பூட்டிய எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் திறக்கலாம், புதிதாகப் பூட்ட முடியாது. ஹோம் வைத்திருப்பவர்களுக்கு வெராகிரிப்ட் என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது. இலவசம், மேக், லினக்ஸிலும் ஓடும். பிட்லாக்கர் போடும்போது, ஃபைல் உள்ள இடத்தை மட்டும் பூட்டவா, முழு டிரைவையுமா என்று கேட்கும். ஏற்கெனவே பயன்படுத்திய டிஸ்க் என்றால் முழு டிரைவையே தேர்ந்தெடுங்கள். நேரம் பிடிக்கும்தான். ஆனால் நாம் அழித்துவிட்டதாக நினைக்கும் பழைய ஃபைல்கள் காலி இடத்தில்தான் கிடக்கின்றன. குவிக் ஃபார்மட் செய்தாலும் அவை போகாது, ரெக்கவரி சாஃப்ட்வேர் அள்ளிக்கொண்டு வந்துவிடும். பாஸ்வேர்டு மறந்தால் திறக்க பிட்லாக்கர் தரும் 48 இலக்க ரெக்கவரி கீயை டிஸ்க் இருக்கும் அதே பையில் போட்டு வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

என்னிடம் உள்ளது போன்ற பட்டன் டிஸ்க் உங்களிடமும் இருந்தால், ரிப்பேர், எக்ஸ்சேஞ்ச் என்று யார் கையிலும் கொடுப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போடுங்கள், குவிக் வேண்டாம். அந்தப் பொருள் இன்னும் நாலரை ஸ்டாரோடு அதே தளத்தில் விற்பனையில்தான் இருக்கிறது.