ஒற்றை உடலா, இரட்டை உடலா? கொந்தளிக்கும் நீரிணைக்கு எந்தக் கார் படகு

பூலாம்பட்டியிலிருந்து நெருஞ்சிப்பேட்டைக்கு பைக்கோடு விசைப்படகில் போனவர்களுக்குக் கதவணையில் தேங்கிய காவிரியின் அமைதி தெரியும். ஸ்காட்லாந்தின் பென்ட்லண்ட் நீரிணை அப்படியல்ல. மேட்டூரில் நீர்மட்டம் ஏறி இறங்க வாரக்கணக்காகும். அங்கே ஆறு மணி நேரத்துக்கொரு முறை ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றவற்றம், திரும்பும். ஓட்டத்துக்கு எதிராகக் காற்றடித்தால் அலைகள் நெருங்கிச் செங்குத்தாக எழும்.

அங்கே கார் படகுகளில் இரண்டு வகையும் ஓடியிருக்கின்றன. வழக்கமான கப்பல்போல் நீரில் ஒரே அடிப்பாகம் இருந்தால் ஒற்றை உடல்; இரண்டு மெல்லிய அடிப்பாகங்களை மேலே ஒரு தளம் இணைத்தால் இரட்டை உடல். ஒற்றை உடல் 'ஹம்னாவோ' சுமார் 112 மீட்டர் நீளம். 2019இல் வந்த இரட்டை உடல் 'ஆல்ஃபிரட்' சுமார் 85 மீட்டர்தான். ஆனால் ஏற்றும் கார்கள் ஏறக்குறைய அதே அளவு. அகலமான தளம் தரும் லாபம் இது. மெல்லிய உடல்கள் என்பதால் எரிபொருளும் மிச்சம்.

சிக்கல் இரண்டு உடல்களையும் இணைக்கும் தளத்தின் அடிப்பக்கத்தில். அலை உயர்ந்தால் அங்கே சம்மட்டியால் அடித்ததுபோல் மோதும்; தகடு நெளியும், வெல்டிங் விரியும். நீருக்கும் அந்த அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை உயர்த்தாமல் இரட்டை உடல் வரைவது வீண் வேலை. ஆட்டமும் வெடுக்கென்று இருக்கும். லாரிகளைச் சங்கிலியால் இறுக்கியே ஆகவேண்டும்.

ஒற்றை உடல் நிதானமாக, ஆனால் அதிகமாகச் சாயும். நீருக்கடியில் இரு பக்கமும் நீட்டிய மீன்துடுப்பு போன்ற தகடுகள் அதை அடக்கும். வேகம் குறைந்தால் அவற்றுக்குப் பிடிப்பில்லை, துறை நெருங்கும்போது உதவாது.

குறுகிய, பாதி மறைவான தடத்துக்கு இரட்டை உடலே சரி. மேற்கே திறந்த கடலின் நீள அலை வரும் தடத்துக்கு ஆழமான ஒற்றை உடலைத்தான் நம்பலாம்.